ஒரே நீலச் சட்டையில் நாற்பது பேர்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள போட்டோ ஸ்டூடியோவில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீலச் சட்டை எப்போதும் தொங்கும். ஆலைக்குள் நுழைய கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸுக்குப் படம் வேண்டும். படத்தில் காலர் தெரிய வேண்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்குகிற பையன்கள் பனியனோடு வந்து நிற்பார்கள். தேசப்பன் அந்தச் சட்டையை எடுத்து நீட்டுவான். ஒல்லியான ஆளாக இருந்தால் முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பான். பருத்த ஆளாக இருந்தால் கழுத்துப் பொத்தானை மட்டும் பூட்டிவிட்டு அதற்குக் கீழே எடுக்காமல் விடுவான். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துவைத்துப் போடுவதும் அவன் வேலைதான்.

தேசப்பனுக்கு இருபத்திரண்டு வயது. ஆரம்பாக்கத்துக்காரன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஓர் உருட்டாலையில் எட்டு மாதம் எடுபிடி வேலை பார்த்தான். அடுப்பு வெக்கையில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்ததும் அவன் அம்மா கன்னியம்மா, "நீ ஒரு மயிரும் சம்பாதிக்க வாணா, ஊட்ல கெட" என்று இழுத்து வந்துவிட்டாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் பிணவறைப் பக்கம் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்த வேலையில் இருந்தாள். அப்பா இல்லை. பிறகு ஆசீர்வாதம் அண்ணனின் ஸ்டூடியோவில் சேர்ந்தான். அம்மாவின் கம்மல் ஒரு பழைய கேமராவாக மாறியது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நீலச் சட்டை இல்லாத படங்கள் எடுக்க ஆரம்பித்தான். தகரக் கொட்டகையில் பதினாலு பேர் சப்பாத்தி சுடுவது, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது, ஏரிக்கரையில் முடி வெட்டிக்கொள்வது.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஷைனி அவனைத் தேடி வந்தாள். காக்களூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கும் எபினேசரின் மகள். சென்னைக் கல்லூரியில் புகைப்படம் படித்துக்கொண்டிருந்தாள். வேலை செய்கிற இடத்தில் இவர்களை எடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள், நாம் இவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு இவர்கள் வீடுகளுக்கே போகலாம் என்றாள். அம்மாவோ மனைவியோ அந்தப் படத்தைக் கையில் பிடித்து நிற்பதை எடுக்க வேண்டும். சாலை வழியாகவே போக வேண்டும், இந்த ஊரையும் அந்த ஊரையும் இணைப்பது இந்த ஒரே நெடுஞ்சாலைதான் என்று சொன்னாள். ஆரம்பாக்கத்தில் ஆம்னி வேன் ஓட்டுகிற அன்பு, தேசப்பனிடம் கேமரா பிடிக்கக் கற்றவன், வண்டிக்கு நான் ஆச்சு என்றான்.

நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் முகவரியை எழுதத் தெரியவில்லை. அதனால் தேசப்பன் ஒரு வேலை செய்தான். எல்லோர் கழுத்திலும் கேட் பாஸ் தொங்குகிறதே, அதிலேயே ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் அச்சடித்திருக்கிறதே என்று, ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டான். யாரிடமும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அன்பு அந்தக் கார்டுகளைப் பார்த்துச் சிரித்தான். "மச்சான், நாப்பது பேரும் ஒரே ஆத்தா பெத்த மாரி கீறானுங்கடா. ஒரே சொக்கா!"

அந்த நாற்பதில் ஒருவனை மூவருக்கும் மிகவும் பிடிக்கும். அறையில் எல்லோரும் அவனைக் குனா என்று கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக் கழனியில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, நானும் நடுகிறேன் என்று இறங்கிவிட்டான். பெண்கள் கேலி செய்தார்கள். அவன் நட்டு முடித்த வரிசையைப் பார்த்ததும் கேலி அடங்கியது, நூல் பிடித்த மாதிரி இருந்தது. சேறு படிந்த கையோடு நிமிர்ந்து அவன் சிரித்ததைத் தேசப்பன் எடுத்தான். நான்கு மணி ஆனதும் குனா கையைக் கழுவிக்கொண்டு ஓடினான். "போன், போன்" என்று மட்டும் சொன்னான்.

புறப்படுவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, உருட்டாலையில் சிவக்கக் காய்ந்து வந்த கம்பி தடம் மாறிப் பாய்ந்தது. குனா அங்கேயே செத்துப்போனான். அவனுடைய போனும் அவனோடு போனது.

கன்னியம்மா மத்தியானம் கூப்பிட்டாள். அவள் வைத்திருப்பது பழைய பொத்தான் போன். காதில் வைத்துக் கேட்க முடியாது, எல்லாமே சத்தமாக ஊருக்கே கேட்கும்.

"டேய், ஆரம்பாக்கம் கழனில நாத்து நட்டானே, ஒரு புள்ள? போட்டோ காட்டினியே? அவன இங்க இட்டாந்துக்கிறாங்கடா. கால்ல சீட்டு கட்டிக்கிறாங்க, பிகாஷ் நாயக்குனு."

தேசப்பன் நோட்டைப் புரட்டினான். குனாவின் படத்துக்கு நேரே அதே பெயர்தான் இருந்தது. பிகாஷ் நாயக், ஒரிசாவில் பிரம்மபூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

மூவரும் குனாவின் அறைக்கு ஓடினார்கள். அறை காலியாக இருந்தது. கூட இருந்த பையன்களை எல்லாம் லாரியில் ஏற்றி வேறு ஏதோ வேலையிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சடையப்பன் வாசலில் நின்று பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்குச் சொல்லியாச்சு தம்பி. அவங்கல்லாம் வர முடியாத சனங்க. மாமன்காரன் ஒருத்தன் வரான். வியாழக்கெழம இங்கயே அடக்கம் பண்ணிடுவோம். நீங்க பேஜாரு பண்ணாம போங்க."

வண்டியில் ஏறியதும் ஷைனி கேட்டாள்: "அந்தாளு சொல்லவே இல்லன்னா? அவங்கம்மாவுக்குத் தெரியவே தெரியலன்னா?"

நோட்டில் போன் எண் இல்லை. முகவரி மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கும்மிடிப்பூண்டியைத் தாண்டும்போது மூவருக்கும் ஒன்றே ஒன்றுதான் மனதில் இருந்தது. வியாழக்கிழமைக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவை போனில் பேச வைத்து, நாங்கள் வருகிறோம், புதைக்காதீர்கள் என்று சொல்ல வைக்க வேண்டும்.

ஆயிரம் கிலோமீட்டர். ஆம்னி அறுபதுக்கு மேல் போனால் ஆட்டம் கண்டது. நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா. படம் எடுக்க வந்தவர்கள் ஒரு படமும் எடுக்கவில்லை. கிருஷ்ணா பாலத்தில் ஷைனி கேமராவைத் தூக்கினாள், மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே கம்பி ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருந்தன. புதன்கிழமை ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் டயர் போனது. அரை நாள் போயிற்று.

வியாழக்கிழமை காலை ஸ்ரீகாகுளத்தைத் தாண்டியதும் அன்பு சொன்னான். "மச்சி, நம்ம லிஸ்ட்ல பதினேழாம் நம்பரு ரோட்டு மேலயே கீது. ரெண்டு நிமிசம். படத்த குடுத்துட்டு போய்டலாம். திரும்பி வரும்போது இருக்குற மனசுல எங்க குடுக்கப் போறோம்."

தென்னந்தோப்பை ஒட்டி ஓட்டு வீடு. ஓர் அம்மா வந்தாள். அன்புக்கு எல்லைப்புறத் தெலுங்கு வரும். உங்கள் பையன் படம் என்று கொடுத்தான். அவள் முகம் மலர வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் மாறியது.

"இதி மா வாடு காது, நைனா" என்று திருப்பிக் கொடுத்தாள். எங்கள் பிள்ளை இல்லை இது. அவள் பிள்ளை போன தையிலேயே வேலையை விட்டு வந்துவிட்டானாம். இப்போது விசாகப்பட்டினத்தில் இருக்கிறானாம்.

"அட்ரஸ்ல ஏதோ தப்பு" என்றாள் ஷைனி. "கம்பெனிக்காரங்க ஒரு பேர ஒழுங்கா அடிக்க மாட்டாங்க."

அவள் திருப்பிக் கொடுத்த படத்தைத் தேசப்பன் நோட்டுக்குள் வைத்து, அந்தப் பெயரை மறுபடி படித்தான். வண்டி நகர்ந்தது.

போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் சடையப்பன் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். ஒரு கையில் பதினோரு பழைய கார்டுகள். பின்னால் பதினோரு புதுப் பையன்கள். புது ஆளுக்குப் புதுக் கார்டு எழுதினால் மருத்துவப் பரிசோதனை, பயிற்சி என்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஆலை காத்திருக்காது. ஊருக்குப் போனவன் கார்டில் வந்தவன் முகத்தை ஒட்டிவிட்டால் நாளைக்கே உள்ளே அனுப்பலாம். "மூஞ்ச மட்டும் மாத்து தம்பி. மத்ததெல்லாம் அப்டியே இருக்கட்டும்." கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எல்லா ஸ்டூடியோவிலும் நடக்கிற வேலைதான். தேசப்பன் பதினோரு பேருக்கும் நீலச் சட்டையை மாட்டினான், எடுத்தான், ஒட்டினான், லேமினேட் செய்தான். யார் கார்டில் யார் முகம் போகிறது என்று பார்க்கவில்லை. அதற்கு முன்பும் இரண்டு முறை செய்திருக்கிறான். தவறு என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. பசங்களுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வேலை கிடைத்ததே என்றுதான் நினைத்தான்.

அதே கையால் அந்த முகவரிகளை நோட்டில் எழுதியும் இருக்கிறான்.

குனா அந்தப் பதினோரு பேரில் ஒருவனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீலச் சட்டைதான் கண்ணுக்குள் வந்தது, அதற்கு மேலே முகம் வரவில்லை. குனாவின் அம்மா கதவைத் திறக்கட்டும், திறக்கட்டும் என்று அவன் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டே வந்தான். ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்க இப்படி வேண்டிக்கொள்கிறோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு அந்தக் கிராமத்தை அடைந்தார்கள். பிகாஷ் நாயக் வீடு எது என்று கேட்டதும் ஒரு சின்னப் பெண் ஓடிப்போய்க் காட்டினாள். மண் சுவர், நீல வண்ணக் கதவு. ஷைனி படத்தை உறையிலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அன்பு கதவைத் தட்டினான்.

பல் துலக்கும் குச்சியோடு ஓர் இளைஞன் கதவைத் திறந்தான். மூவரையும் பார்த்தான். வண்டியின் எண் பலகையைப் பார்த்தான். குச்சியைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"ஏய்! ஸ்டூடியோ அண்ணா! கவரப்பேட்ட! இன்னா அண்ணா, எங்க ஊட்ல வந்துகிற?"

ஒரிசாவின் நடு மத்தியானத்தில் அந்தக் கும்மிடிப்பூண்டித் தமிழைக் கேட்டு அன்பு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நீ யாரு?" என்றாள் ஷைனி.

"நான்தான் பிகாஷ், அக்கா. மூணு வருசம் ரோலிங் மில்லு. அப்பாக்கு கால் ஒடஞ்சிச்சி, மாசில வந்துட்டேன்." படத்தைப் பார்த்தான். "இது குனா! என் எடத்துல வந்த பையன். நான் பொட்டி கட்றேன், அவன் பொட்டி அவுக்கறான். ரெண்டு நாளு ஒண்ணா இருந்தோம். நல்லா கீறானா?"

ஷைனி படத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள். பிகாஷின் சிரிப்பு மெல்ல நின்றது.

தேசப்பன் திண்டாடித் திண்டாடிச் சொன்னான், கம்பி தடம் மாறியதை, கால் விரலில் கட்டிய சீட்டை, சீட்டில் எழுதியிருக்கும் பெயரை. பிகாஷ் தன் கால் விரலைக் குனிந்து பார்த்தான்.

"கார்டு எப்டி மாறிச்சி?" ஷைனி தேசப்பனைத்தான் கேட்டாள். அவள் ஏற்கெனவே புரிந்துகொண்டிருந்தாள்.

"நான்தான் ஒட்டினேன்."

"நாப்பதுல எத்தினி?"

"தெரியல ஷைனி. பதினொண்ணு... அதுக்கும் மேல இருக்கும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேமராவின் மூடியை எடுத்து லென்ஸில் மாட்டினாள். பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அப்போது கன்னியம்மாவின் போன் வந்தது.

"டேய் தேசா, மாமன்காரன் வந்துட்டான். கையெழுத்து போட்டுக்கினு கீறான். வண்டி வந்து நிக்குது. அவங்கம்மாவ பாத்தியா, இல்லியா?"

"அம்மா, அங்க போலீஸ்காரரு யாராச்சும் கீறாங்களா?"

"தணிகவேல் ஏட்டு கீறாரு."

"அவருகிட்ட போன குடு. நீ கொஞ்சம் தள்ளிப் போ."

"இது கத்துனா ரோடு வரைக்கும் கேக்கும், நான் எங்கடா தள்ளிப் போறது?"

ஏட்டு வாங்கினார். "யாருப்பா?"

"சார், அங்க கீறவன் பிகாஷ் நாயக் இல்ல சார். பிகாஷ் உயிரோட கீறான். பல்லு வெளக்கிக்கினு வந்தான், என் பக்கத்துல நிக்கிறான்." தேசப்பன் போனை பிகாஷின் வாயருகே கொண்டுபோனான்.

"சார், நான் பிகாஷ், சார். நான் சாவல, சார்."

அந்தப் பக்கம் சடையப்பன் சிரிப்பது கேட்டது. "சார், அந்த ஊர்ல தெருவுக்கு நாலு பிகாஷ் நாயக் கீறான். எவனையோ புடிச்சி பேச வெச்சிக்கினு... கார்டுல போட்டோ கீது, சாமான்ல ஆதார் ஜெராக்ஸ் கீது, மாமன் நேர்ல கீறான். இன்னும் இன்னா வோணும்?"

"ஆமாம்பா" என்றார் ஏட்டு. "கார்டுல இவன் மூஞ்சிதான் கீது. நானே பாத்தேன். நீ யாரு, உனக்கு இன்னா தெரியும்?"

தேசப்பன் ஷைனியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. போனில் யாரோ வண்டிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா அங்கேதான் துடைப்பத்தோடு நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஏட்டின் கையிலிருந்து அவள் காதுக்கு நாலடி இருக்கும்.

"அந்தக் கார்டுல போட்டோவ மாத்துனது நான்தான் சார்."

"இன்னா சொன்ன?"

"கவரப்பேட்ட ஸ்டூடியோல வேல செய்றேன் சார். பேரு தேசப்பன். மாசி மாசம் சடையப்பன் அண்ணன் பதினோரு கார்டு எடுத்தாந்தாரு. பழைய மூஞ்ச எடுத்துட்டு புது மூஞ்ச ஒட்டுனேன். ரெண்டும் ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல கீது சார். போய்ப் பாருங்க. இவன் மூஞ்சி பக்கத்துல செத்தவன் மூஞ்சி இருக்கும்."

சடையப்பன் ஏதோ கத்தினார். ஏட்டு அவரை அதட்டினார்.

"இத்த எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன் சார்."

"உன்மேலதான் கேசு வரும். புரியுதா? உன் ஓனரும் மாட்டுவாரு."

ஆசீர்வாதம் அண்ணனை அவன் நினைத்தே பார்க்கவில்லை. "புரியுது சார்."

பிறகு ஏட்டின் குரல் வேறு பக்கம் திரும்பியது. "யோவ் மாமா, எங்கய்யா நழுவுற? இங்க வா. உன் அக்கா மவன் ஊர்ல பல்லு வெளக்கிக்கினு கீறானாம். வண்டிய எட்றா அந்தாண்ட!"

போன் மறுபடி கன்னியம்மாவிடம் வந்தது.

"அம்மா."

"ம்."

"திட்டேன்."

"திட்றதுக்கு இப்ப நேரமில்ல. சீட்ட கழட்டிட்டாங்க. வேற சீட்டு எழுதணுமாம், ஏட்டு பேனாவோட நிக்கிறாரு. அந்தப் புள்ள பேரு இன்னாடா?"

"குனா" என்றான் தேசப்பன்.

பிகாஷ் தலையை ஆட்டினான். "அது பேரு இல்ல, அண்ணா. எங்க பக்கம் சின்னப் பையன்னா குனா. ஊட்டுக்கு ஒரு குனா இருப்பான்."

"அப்ப அவன் பேரு?"

"கேக்கல, அண்ணா. நீ கேட்டியா?"

மூவரும் கேட்டதில்லை. அவன் கழுத்தில்தான் பெயர் தொங்கியதே.

"தெரியலம்மா" என்றான் போனில். "தெரியாதுன்னு எழுதச் சொல்லு."

"பேர் தெரியாதவன்னா ஒரு வாரந்தான்டா வெப்பாங்க. அப்புறம் அவங்களே பொதச்சிடுவாங்க." கன்னியம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பொய்ப் பேராச்சும் இருந்துச்சு அவனுக்கு. அதையும் எடுத்துட்டு வந்து நிக்கிற. போ, தேடு."

பிகாஷ் உள்ளே போய் நொண்டிக் காலோடு கட்டிலில் கிடந்த அப்பாவிடம் ஏதோ சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். ராயகடா பக்கம் மலைக்கு மேலே எங்கேயோ ஊர் என்று குனா சொன்னதாக அவனுக்கு நினைவு. ஆறு மணி நேரப் பாதை. குனாவுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒரே ஒரு தங்கச்சி, ஏதோ அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எந்த விடுதி என்று தெரியாது.

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு அவளுக்கு போன் பண்ணுவான், அண்ணா. வார்டன் அம்மா போன்ல. வேற ஒண்ணும் தெரியாது."

கையைக் கழுவிக்கொண்டு குனா ஓடிய ஓட்டம் தேசப்பனுக்கு ஞாபகம் வந்தது. போன், போன்.

கார்டு விஷயம் தெரிந்த பிறகு ஷைனி மறுபடி அவனோடு பேசினாள். குரலில் ஈரம் இல்லை. "அந்த நோட்ட குடு." வாங்கி, முகவரிகள் இருந்த பக்கங்களைக் கிழிக்காமல் ஒவ்வொன்றின் மேலும் குறுக்குக் கோடு போட்டாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு வியாழன். மலை மேல இருக்குற பொம்பளப் பிள்ளைங்க ஆஸ்டல் எல்லாத்துலயும் ஏறி இறங்கலாம். யாருக்கு ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் போன் பண்ணுவான்னு கேக்கலாம்."

"எத்தினி ஆஸ்டல் இருக்கும்?" என்றான் அன்பு.

பிகாஷ் விரல்களை விரித்து எண்ணப் பார்த்தான். முடியாமல் விட்டுவிட்டான்.

நெடுஞ்சாலையை விட்டு வண்டி மேற்கே திரும்பியது. தேசப்பன் பின் இருக்கையில் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் ஊரின் விடுதி வாசலில் வார்டன் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளில் முண்டியடித்தார்கள். பிகாஷ் கேள்வியை அவர்கள் பாஷையில் கேட்டான். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். முன்னால் வந்து படத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஏதோ சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

"இல்லையாம்" என்றான் பிகாஷ். "இவ அண்ணனும் தமிழ்நாட்டுலதானாம். மூணு ஞாயிறா போன் வரலியாம். அவனப் பாத்தீங்களான்னு கேக்கறா."

தேசப்பன் நோட்டை வாங்கினான். அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிடச் சொன்னான். அவள் அண்ணன் பெயர் என்ன என்று அவள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டான்.